பூனை சுமந்த தூது

– உங்கப்பாகிட்ட சொல்லு பஞ்சு, காபி மேசை மேல வச்சாச்சு. ஆறிப்போனா மறுபடியும் சுட வைக்க இங்க யாரும் வேலையத்து உட்கார்ந்திருக்கலை.

– மேனேஜர், உங்கம்மாகிட்ட சொல்லு, காபியை நான் கேட்கவே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

– நீங்கள் இருவரும் மூன்றடித் தூரத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கிறது. நடுவில் படுத்திருக்கும் என்னை எதற்காக இழுக்கிறீர்கள்? நான் தபால்காரி அல்லேன், பூனை. என் தொழில் உறங்குவது. பதினொரு நாள்களாக அதைச் செய்ய விட்டீர்களா?

– பாத்தியா பஞ்சு, நீயே கத்துறே. வாயில்லாத ஜீவன் உனக்கே பொறுக்கலை இந்த மனுஷனோட அநியாயம்.

– என் பக்கம்தான் கத்துறே, இல்லே மேனேஜர்? உனக்காவது நியாயம் தெரியுதே.

– நான் எவர் பக்கமும் கத்தவில்லை. இவர் எனக்குத் தந்தையும் அல்லர். அந்த அம்மாள் எனக்குத் தாயும் அல்லள். என் தாய் மரக்கடையின் பின்புறத்தில் ஐந்து எலிகளைக் கொன்ற பிறகே விடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வாள். நான் வயிற்றுப்பாட்டுக்காக இங்கே தங்கியிருக்கிறேன். என்னை அழைக்கும் பெயரில்கூட ஒன்றுபடாத இருவர், ஒரே கூரையின் கீழ் எப்படித்தான் இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தீர்களோ!

– நீ கேட்டுக்கோ பஞ்சு. அன்னிக்குக் காலையில டாக்டருக்காக அவர் செஞ்சு வச்ச பல்லு செட்டைக் காணோம். மேசையைப் பாத்தாரு. அடுத்த நொடி என் மூஞ்சியைப் பாத்தாரு. 'எங்க வச்சே'ன்னாரு. 'பாத்தியா'ன்னு கேட்டாரா? இல்லை. நேரா 'எங்க வச்சே'. திருடியைக் கேட்கிற மாதிரி.

– மேனேஜர், அந்த மேசைப் பக்கம் துடைப்பத்தோட போறது இந்த வீட்டுல ஒரே ஒரு ஆளு. மேல் வரிசை, பதினாலு பல்லு. நாலு நாள் உட்கார்ந்து தேய்ச்சு, மெருகேத்தி, கனகச்சிதமா முடிச்சு, தபால் ஆபீஸ் அம்மாவோட பேர்ச்சீட்டை நூல்ல கட்டி வச்சுட்டுப் படுத்தேன். விடிஞ்சா இல்லை. கால் முளைச்சு நடந்தா போச்சு?

– அதற்குக் கால் முளைக்கவில்லை, ஐயா. என் கால்தான் அதன்மேல் பட்டது.

– என்ன, பால் வேணுமா?

– பால் இருக்கட்டும், வாக்குமூலத்தைக் கேளுங்கள். அந்தப் பல்வரிசை மேசையின்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்து இளித்துக்கொண்டே இருந்தது. நான் முகத்தைத் திருப்பினேன், இளித்தது. முதுகைக் காட்டினேன், அப்போதும் இளித்தது. ஓர் அளவுக்குத்தானே பொறுக்க முடியும்? ஒரே ஓர் அறை விட்டேன். தரையில் விழுந்து, வழுக்கிக்கொண்டே போய், தையல் மெஷினைத் தாண்டி, பீரோவுக்கு அடியில் நுழைந்துவிட்டது. நூலை மட்டும் சிறிது கடித்தேன். அதை மறுக்கமாட்டேன்.

– இந்தா, குடி. அவ பாக்கலை. சீக்கிரம் குடி.

– பஞ்சு, மீன் துண்டு ஒண்ணு உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், அந்தக் கதவுக்குப் பின்னாடி. அவர் கண்ணுல படாம தின்னு. அவருக்கு உன் வயித்தைப் பத்தி என்ன கவலை!

– இப்போது புரிகிறதா, நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று? இவர் தருவது அவருக்குத் தெரியாது. அவர் தருவது இவருக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கிண்ணம். பேசாத காலத்தில் இரண்டு. இந்தச் சண்டை எனக்கு நன்றாகவே ஒத்துப்போயிற்று. நீடூழி வாழ்க என்று வாழ்த்தியிருந்தேன்.

– பஞ்சு, இப்ப நான் சொல்றதை அப்படியே அவர்கிட்ட சொல்லிடு. பத்து மணிக்கு டாக்சி வரும். நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்ற நாள் எதுவும் சொல்லலைன்னு சொல்லு.

– போகட்டும்னு சொல்லு மேனேஜர். யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?

– யாரும் இழுக்கலைன்னு எனக்கும் தெரியும்னு சொல்லு. இருபத்தாறு வருஷமா அவர் அலமாரிக்குப் பூட்டே கிடையாது. நேத்து சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிட்டு வந்தாரு. என் கண்ணு முன்னாடியே மாட்டி, இழுத்து இழுத்துப் பாத்தாரு. சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. பூட்டு வெளிக்கதவுல போட்டா திருடனுக்கு. வீட்டுக்குள்ள போட்டா யாருக்கு? அதைக் கேளு.

– இரண்டாவது செட்டு உள்ள இருக்குன்னு சொல்லு. முதல்ல இருந்து மறுபடியும் செஞ்சுக்கிட்டிருக்கேன். இதுவும் போச்சுன்னா நான் கடையை மூட வேண்டியதுதான். பத்திரம் பண்றது ஒரு குத்தமா?

– அப்ப என்னைத்தான் சொல்றாருன்னு ஒத்துக்கிட்டாரு பஞ்சு. நல்லாக் கேட்டுக்கோ.

– நான் பேரைச் சொல்லலை.

– பேரைச் சொல்ல வேற ஆளு வேணுமே! இந்த வீட்டுல இருக்கிறது அவரு, நானு, நீயி. அவர் பல்லை அவரே ஒளிச்சு வைக்க மாட்டாரு. மிச்சம் நானும் நீயும். உன்னை மடியில வச்சுக் கொஞ்சுறாரு.

– அம்மா, இந்தத் திசையில் இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் உண்மைக்கு வந்துவிடுவீர்கள். தயவுசெய்து நின்றுவிடுங்கள்.

– மேனேஜர், போன் அடிக்குது பாரு.

– எடுக்கச் சொல்லு பஞ்சு. கையெட்டுற தூரத்துலதானே இருக்கு.

– எடுக்க மாட்டேன். பல் டாக்டராத்தான் இருக்கும். எட்டு நாளா தினம் அடிக்கிறாரு. அந்த அம்மா பல்லில்லாம வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கும். வாயைப் பொத்திக்கிட்டுப் பேசும். டாக்டருக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? பொண்டாட்டி பெருக்கித் தள்ளிட்டான்னா? வேலையெல்லாம் வேற ஆளுக்குப் போயிடும். இரண்டாவது செட்டு முடியட்டும், நேர்ல போய்க் கால்ல விழறேன்.

– பொண்டாட்டி பெருக்கித் தள்ளிட்டா. ம். இதையும் முடிஞ்சு வச்சுக்கோ பஞ்சு. பெட்டியில இன்னும் இடம் இருக்கு, இதையும் எடுத்துக்கிட்டுப் போறேன்.

– அம்மா, ஒரு விளக்கம். பெட்டி நிரம்பிவிட்டதா? அப்படியானால் மீன் வாங்குவது யார்? இவருக்கு அடுப்படியில் தெரிந்தது ஒன்றே ஒன்று, பாலைப் பொங்கவிடுவது. அந்த நெடி அடிக்கும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாக வெளியேற வேண்டியிருக்கிறது.

– பெட்டி மேல ஏறிப் படுக்காதே பஞ்சு. எறங்கு. உன்னையும் கூட்டிட்டுப் போக எனக்கு ஆசைதான். அக்கா வீட்டுல நாய் இருக்கு.

– நாயா?

– மேனேஜர் இங்கதான் இருக்கும். அதை யாரும் தூக்கிட்டுப் போக வேண்டாம்னு சொல்லு.

– நான் பெட்டியும் இல்லை, மேசையும் இல்லை. என்னைப் பங்கு பிரிக்க உங்களுக்கு எவர் உரிமை தந்தார்? ஒருபுறம் நாய், மறுபுறம் பொங்கிய பால். நல்ல வாழ்வு! உண்மையைக் காட்டிக்கொடுத்தால் இந்த அம்மாள் போகமாட்டாள். ஆனால் அன்றைக்கு இவர் இதே கூடத்தில் நின்று கூவியது என் காதில் இன்னும் இருக்கிறது.

– போறதுக்கு முன்னாடி ஒண்ணு ஞாபகப்படுத்து பஞ்சு. 'எடுத்தது யாரா இருந்தாலும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது'ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாரு. அவர் வார்த்தைப்படிதான் நான் கிளம்புறேன். சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டாருன்னு சந்தோஷமா இருக்கச் சொல்லு.

– கோவத்துல சொன்னது அது. கோவத்துல சொன்னதையெல்லாம் பெட்டியில அடுக்குவாங்களா மேனேஜர்?

– வேற எதுல அடுக்குறது? அவர் அலமாரியிலதான் பூட்டு போட்டிருக்கே!

– சரி. போதும். இப்படியும் வயிறு காயும், அப்படியும் காயும். மழைக்கு ஒதுங்க எனக்கு மரக்கடை இருக்கிறது. எழுந்து நடக்கிறேன். இருவரும் கண்ணைத் திறந்து பாருங்கள். பீரோ. இதோ, இதன் அடியில். இங்கே!

– பீரோவைப் போய் ஏன் பிராண்டுறே மேனேஜர்? எலியா?

– எலி அல்ல! பல்! குனிந்து பாரும் ஐயா!

– இப்படி அடிவயித்துல இருந்து கத்தினதே இல்லையே இது. இரு, இரு. டார்ச்சு எங்க போச்சு? உங்கம்மாகிட்ட கேளு, டார்ச்சு எங்கன்னு.

– ஜன்னல்ல, நூல் டப்பாவுக்குப் பின்னாடி பஞ்சு. நாங்க குடிவந்த நாள்ல இருந்து அங்கேதான் இருக்கு.

– ம்ம்… முதுகு பிடிச்சுக்கும் போல இருக்கு. தள்ளு மேனேஜர், உன் வாலு மூக்குல ஏறுது. ஒரு பித்தான். பேனா மூடி. நூல்கண்டு, பாதி. இது என்ன… சீட்டு. நூலைக் கடிச்சிருக்கு. என் கையெழுத்து! தபால் ஆபீஸ் அம்மாவோட பேரு! பூரா உன் ரோமம்! மேனேஜர்… நீயா?

– நானே. இப்போது கையை இன்னும் உள்ளே நீட்டும், பல்லை எடும், கணக்கைத் தீர்த்துக்கொள்ளும், என்னை வெளியே துரத்தும்.

– உள்ள வேற எதுவும் இல்லையே. சுவர் வரைக்கும் தடவிட்டேன். சீட்டு இருக்கு, செட்டு இல்லை.

– இல்லையா? அதெப்படி இல்லாமற் போகும்? நான் தள்ளிய இடம் இதுவே. என் மீசையின்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இங்கேதான் கிடந்தது. இந்த வீட்டில் என்னையன்றி இன்னொரு திருடர் இருக்கிறார்!

– பஞ்சு, தரையில விழுந்து கிடக்கிறவர்கிட்ட சொல்லு, வாசல்ல ஹார்ன் அடிக்குதுன்னு. டாக்சி வந்துடுச்சு.

– மேனேஜர்… உங்கம்மாகிட்ட சொல்லு… ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லு. அவளைப் போய் நான்… சொல்லேன், மேனேஜர்.

– மாட்டேன். பதினொரு நாள்களாக உங்கள் வசவுகளை இருவருக்கும் நடுவில் கிடந்து சுமந்தேன். மன்னிப்பையும் நானே சுமக்க வேண்டுமா? அதற்கு வேறு ஆள் பாரும். நான் மரக்கடைக்குப் போகிறேன்.

– ஏய், இரு! எங்க போறே? நான் இன்னும் சொல்லி முடிக்கலை. ஜன்னல் வழியா குதிச்சிடுச்சு…

– அது போயிடுச்சு.

– ம்.

– சொல்ல ஆள் இல்லைன்னா சொல்ல வேண்டாம். டாக்சிக்காரர் காத்துக்கிட்டிருக்காரு.

– உன்கிட்டத்தான் சொல்றேன். உன் மூஞ்சியைப் பாத்தே சொல்றேன். நீ எடுக்கலை. எடுக்காத உன்னை எடுத்தேன்னு சொன்னேன். சொன்னதைவிட அந்தப் பூட்டு பெரிய தப்பு. இந்தா சாவி. நீயே வச்சுக்கோ, இல்லைன்னா ஜன்னல் வழியா எறி.

– எடுத்தேன்.

– என்னது?

– நான்தான் எடுத்தேன்.

– எடுத்து… எங்க வச்சே?

– பாத்தீங்களா, மறுபடியும் அதே கேள்வி!

– சரி, சரி. நாக்குல பழகிப்போச்சு. இந்தப் பாழாப்போன போன் வேற… அடிக்கட்டும் விடு. நீ சொல்லு. நீ பாத்தியா?

– அப்பா! இந்த ஒரு வார்த்தைக்குப் பதினோரு நாள். மூணாம் நாள் பெருக்கும்போது பாத்தேன், பீரோவுக்கு அடியில. எடுத்துக் கழுவித் துடைச்சு, நானே கொண்டுபோய் அந்தத் தபால் ஆபீஸ் அம்மா வாயில மாட்டி, கடிக்கவிட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். என் பெட்டியை அப்புறம் பிரிக்கலாம், முதல்ல அந்தப் போனை எடுங்க, உங்க டாக்டர் எட்டு நாளா அடிக்கிறது செட்டு கனகச்சிதமாப் பொருந்தியிருக்குன்னு சொல்லத்தான்.