முன்பிரதி இல்லாத பதிவுகள்

வலைப்பதிவு நடத்த டேட்டாபேஸ் எல்லாம் தேவையே இல்லை, ஐயா. ஒரு பதிவுக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு, எல்லாம் ஒரே ஃபோல்டரில். பக்கம் சட்டென்று திறக்கும், பராமரிப்புத் தொல்லை கிடையாது. என் மனைவியின் வலைப்பதிவை நான் அப்படி மாற்றிக் கொடுத்ததில் தொழில் தெரிந்த யாரும் குறை சொல்ல முடியாது.

அவள் பிரசவ வார்டு நர்ஸ். பன்னிரண்டு வருஷமாக, வேலை முடிந்து வந்ததும் நாலு வரியாவது எழுதிவிடுவாள். யாரைப் பார்த்தாள், யாரிடம் என்ன சொன்னாள், எல்லாம். படிப்பவர்கள் முப்பது பேர் தேறினால் அதிகம்.

பழைய தளத்தில் ஒவ்வொரு திருத்தமும் முன்பிரதியோடு தங்கும். டெக்ஸ்ட் கோப்பில் அது இல்லை. திறந்து, மாற்றி, சேமித்தால் முந்தையது போயே போச்சு. இதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்போதுதான் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளைத் தலைமை நர்ஸாகக் கூப்பிட்டார்கள். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நேர்முகம் வியாழன் என்று அவர்கள் போனில் சொன்னதைப் பதிவில் எழுதியிருந்தாள். நான் வெள்ளி ஆக்கினேன். வெள்ளியன்று போய்விட்டு வந்தாள்.

"வியாழன்னு எழுதின மாதிரி இருக்குங்க."

"எழுதியிருந்தா அங்கதானே இருக்கணும்? நீயே பாரேன்."

பார்த்தாள். நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அவர்கள் இரக்கப்பட்டு இன்னொரு தேதி கொடுத்தார்கள். அதனால் நான் தொடர வேண்டியதாயிற்று. எட்டு மாதத்தில் நூற்றுப் பதினோரு பதிவுகள். பழையவற்றையும் விடவில்லை. சொல்லாத வார்த்தையைத் தோழியிடம் சொன்னதாக எழுதினேன். என் மனைவி அதைப் படித்துவிட்டுத் தோழிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். ஒருநாள் வார்டில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே போட்டாயிற்றா என்று தெரியாமல் அப்படியே நின்றாளாம்.

"என் கையால ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிடக் கூடாதுங்க" என்றாள். அன்றே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றைய பதிவில் நான் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மாட்டிவிட்டது மச்சினன். தளம் மாற்றிய அன்று, "மொத்த பிளாகும் ஒரு ஃபோல்டர்தான், மாப்ள" என்று நானே பீற்றிக்கொண்டேன். "அக்கா எழுதினத தூக்க லாரி வேணும்னு நினைச்சேன், மாமா" என்று சிரித்தபடி பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனான். போன வாரம் அந்தப் பிரதியையும் இப்போது தளத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளிடம் காட்டியிருக்கிறான்.

ரொம்ப நேரம் படித்தாளாம். "எது சரின்னு எனக்குத் தெரியலையே, தம்பி. மாமாகிட்ட கேளு."

நான்தான் செய்தேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். அவனும் அக்காவைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நாங்கள் ஒரு சண்டைகூட இல்லாமல் வாழ்ந்தது இந்த வருஷம்தான்.