தோற்றவளின் முதுகு

எனக்குக் காலையில் எண்ணெய் தொட்ட ரொட்டியும் அத்திப்பழமும் போதும், ஐயா. வயிறு நிறைந்தால் கை மந்தமாகிவிடும். ரோமாபுரி நாணயச்சாலையில் அச்சு செதுக்குகிறவனுக்கு அது ஆகாது.

ஜெர்மானியப் போர் முடிந்ததும் புது வெள்ளிக்காசுக்கு உத்தரவு வந்தது. ஒரு பக்கம் பேரரசரின் தலை. மறுபக்கம் இறக்கை விரித்த வெற்றித் தேவதை. அவள் காலடியில், தோற்ற நாடாக ஒரு பெண் கேடயத்தின் மேல் குனிந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க வேண்டும்.

என் அச்சைப் பார்த்துக் கண்காணி ஃபௌஸ்துஸ் சிரித்தார். "இவளா நாட்டத் தோத்தவ? சந்தைக்குப் போயி கால் வலிச்சு உக்காந்தவ மாதிரில்ல இருக்கா." எல்லாரும் கேட்கத்தான் சொன்னார். எனக்கு வருத்தமில்லை. சொன்னது சரிதான்.

ஆகவே சிறைபிடித்து வந்தவர்களில் ஒருத்தியைக் கேட்டு வாங்கினேன். கீசா என்று பெயர். கூடவே ஒரு சின்ன மகள். அதன் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இருவருக்கும் நான் தின்னும் ரொட்டியையே கொடுத்தேன்.

கீசா கேடயத்தின் மேல் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். முதுகு மட்டும் வளையவில்லை. பட்டினி போட்டேன், அடிக்கவும் செய்தேன். அழச் சொன்னபோது நம் மொழியிலேயே பதில் சொன்னாள்: "ஆத்தங்கரையில எம் புருசன வெட்டிப் போட்டப்பவே அழுது முடிச்சுட்டேன். உனக்குன்னு மிச்சம் வைக்கல."

மிச்சம் இருந்தது. மகள் இருமும்போதெல்லாம் அவள் தோள் லேசாக இறங்குவதை நான் கவனித்திருந்தேன். குழந்தையை விற்றுவிடுவேன் என்றேன். தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. காசில் தெரியும் அளவுக்கு இல்லை.

பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தணிக்கும் தண்ணீர்த் தொட்டி பட்டறையிலேயே இருக்கிறது. கீசாவைக் கேடயத்தோடு சேர்த்துக் கட்டினேன். குழந்தையைத் தூக்கித் தொட்டிக்குள் தலைகீழாகப் பிடித்தேன். இடது கையால்தான், வலது கை வரைய வேண்டியிருந்தது.

முதுகு வளைந்தது. தலை முழங்காலில் விழுந்தது. அவசரமில்லாமல் வரைந்து முடித்தேன்.

அந்தக் காசை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃபௌஸ்துஸ் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை.

குழந்தையைக் கொன்றது யார் என்று கேட்கிறீர்கள். போர்தான் கொன்றது, ஐயா. என் கை தண்ணீருக்குள் இருந்தது, அவ்வளவுதான்.