வாந்திக்கு எழுதிய கேப்ஸ்யூல்

உங்கள் கையெழுத்தை எங்கள் மருந்துக் கடையில் என்னைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது, டாக்டர். மற்றவர்கள் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதனால், என் மனைவியின் சீட்டில் ‘வேறு எந்தச் சத்து மாத்திரையும் கூடாது’ என்று நீங்கள் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தது புரியவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

அவள் வெளியே ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருக்கிறாள். வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு மார்பில் கட்டி என்று நீங்கள் சொன்ன அன்றும் இதே நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தோம். கீமோவால் சினைப்பை சேதமாகலாம், பிறகு குழந்தை உண்டாவது உறுதியில்லை என்றீர்கள். கருமுட்டையை எடுத்து உறைய வைக்கலாம், ஆனால் சிகிச்சை கொஞ்சம் தள்ளிப்போகும் என்றீர்கள். அவள் யோசிக்கவே இல்லை.

"முதல்ல நான் பொழைக்கிறேன் டாக்டர். குழந்தையைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். என் பக்கம் திரும்பி, "என்ன கம்பவுண்டரே, சரிதானே?" என்றாள். கல்யாணமான புதிதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் தலையாட்டினேன்.

பிறகு நான் மட்டும் திரும்பி வந்து ஆன்டிஆக்ஸிடன்ட் சத்துப் பவுடர் பற்றி உங்களிடம் கேட்டேன். சினைப்பையைக் காப்பாற்றும் என்று எங்கோ படித்திருந்தேன். எலிகளிடம் ஏதோ பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்கள் விஷயத்தில் தெளிவில்லை, கீமோ மருந்தின் வேலையையே கெடுத்தாலும் கெடுக்கலாம், வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நன்றி சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். அந்தப் பவுடர் எங்கள் கடையில் மேல் தட்டில் இருக்கும். விற்றவனும் நான்தான், வாங்கியவனும் நான்தான்.

அவளிடம் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். நீங்கள் எழுதியதைத் தவிர வேறெதையும் வாயில் போட மாட்டாள், அதையும் சீட்டோடு ஒத்துப்பார்த்துத்தான் விழுங்குவாள். சீட்டில் மற்றதெல்லாம் மாத்திரை. வாந்தி வராமலிருக்க எழுதியது மட்டும் கேப்ஸ்யூல். எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்துச் சின்ன டப்பியில் போட்டுக் கொடுப்பது நான்தான் என்பதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. கேப்ஸ்யூலைப் பிரித்து மூடுவது எனக்குக் கைவந்த வேலை. லேசாகத் திருகினால் கழன்றுவிடும், மறுபடி மூடினால் நசுங்கல்கூடத் தெரியாது. ஆனால் அதற்குள் மருந்து, பவுடர் இரண்டுக்கும் இடமில்லை. உள்ளே இருந்ததைக் கை கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அப்புறம் அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். குடலே வெளியே வந்துவிடும் போல எடுத்தாள். நான் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு பேசினைப் பிடித்தேன்.

"பெத்த நானே மூக்கைப் பொத்திக்கிறேன். மாப்பிள்ளை ஒரு தடவைகூட முகம் சுளிக்கலையே" என்று என் மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்கும்போது கூனிக்குறுகிப் போவேன். ஆனாலும் பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டப்பியிலிருந்து அடுத்த கேப்ஸ்யூலை எடுத்துக் கொடுத்தேன்.

வாந்தி நிற்கவில்லை என்று நீங்கள் பெரிய கேப்ஸ்யூலாக மாற்றினீர்கள். அதில் பவுடருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஒவ்வொரு கீமோவுக்கு முன்னும் நர்ஸ், "வேற ஏதாவது எடுத்துக்கிறாங்களா?" என்று கேட்பார். அவளுக்குப் பேசத் தெம்பிருக்காது. "இல்லைங்க" என்று நான்தான் சொல்வேன். மருந்துக் கடைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் விட்டுவிடுவார்.

அவள் எலும்பும் தோலுமாக ஆனதும், இனி உடம்பு தாங்காது என்று கீமோவின் அளவைக் குறைத்தீர்கள். அன்றாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மருந்து குறைந்தால் சினைப்பைக்கும் சேதம் குறையுமே என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. அதைச் சொல்ல இப்போது நாக்குக் கூசுகிறது.

சிகிச்சை முடிந்து கொஞ்ச நாளில் அவளுக்கு மாதவிலக்குத் திரும்பி வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன், சந்தோஷத்தில். அதற்குப் பிறகு கட்டியும் திரும்பி வந்தது.

இன்று காலை ஆட்டோவில் வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரிங்க. என் உடம்பு கொஞ்சம் தாங்கியிருந்தா மருந்தைக் குறைச்சிருக்க மாட்டாங்க. எல்லாம் என்னாலதான்" என்றாள். "சும்மா இரு" என்றேன். இவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாளே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதல் மருந்து இவளுக்குக் கேட்கவில்லை, அதனால் இன்னும் கடுமையான மருந்துக்குப் போகலாம் என்று சற்று முன் சொன்னீர்கள். கேட்கவில்லை என்று எழுதாதீர்கள், டாக்டர். அந்த மருந்து அவளுக்கு முழுசாகக் கிடைக்கவே இல்லை. பவுடர் கெடுதல் செய்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகலாம். அந்த வாந்தி முழுக்க என் வேலை.

அவளிடம் நானே சொல்கிறேன். கம்பவுண்டரே என்று இனி அவள் கூப்பிட மாட்டாள். போலீஸுக்குச் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். அவள் பிழைத்தால் போதும், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது. உள்ளே வருவதற்குள் ஒன்று கேட்டுவிடுகிறேன், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இந்தப் புது மருந்தை அவள் சினைப்பை தாங்குமா, டாக்டர்?