ஆறாம் புத்தகத்திலும் தொடங்காத போர்

"…அதுதானுங்க அம்மணி நாங் கேக்கறது. ஒரு போர் ஆரம்பிக்கறதுக்கு ஆறு புஸ்தகம் ஆகுமுங்களா? எங்கூர்ல பாலமே கட்டி முடிச்சு, அதுல ஓட்டையும் உழுந்துபோச்சு. உங்க பையன் இன்னும் போருக்குக் கெளம்பல."

கேட்டவர் பொங்கியண்ணன், கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்காரர். கேட்டுக்கொண்டிருந்தவள் லோகப்பிரியா. பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை. மீதி நேரத்தில் குழந்தைகளுக்கு 'ஏழு கதவுப் பாதாளம்' என்று மாயக்கதை வரிசை எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தவள், ஒரு குலை இளநீரையும் அதற்குப் பின்னால் ஒரு மீசையையும் பார்த்து "வாங்க" என்றதோடு சரி. அதற்கப்புறம் அவளுக்கு முறை வரவே இல்லை.

"யாரு எவுருன்னு கேக்காம உக்கார வெச்சீங்க பாருங்க, அது பெரிய மனசு. நா உங்க வாசகனுங்க. நானுன்னா, எம் பேத்தி வர்ஷினி. கோயமுத்தூர்ல எம் மக ஊட்ல இருக்கறா. லீவு உட்டா எங்கூட்டுக்கு வந்துருவா. நாம் படிச்சுக் காட்டோணும், அவ என்ற வயித்து மேல காலப் போட்டுக்கிட்டுக் கேப்பா. இந்த லீவுக்கு வரமாட்டேன்னுட்டாளுங்க. 'யஷ்வந்து கருங்கோரன் கூடச் சண்டை போடற வரைக்கும் உங்கூட்டுக்கு வரமாட்டேன், போ அப்புச்சி'ன்னு சொல்லிப்போட்டா. ஊடு வெறிச்சுன்னு கெடக்குது. அதான் பஸ்ஸேறி வந்துட்டேன். நீங்க போர ஆரம்பிச்சுக் குடுத்தீங்கன்னா நாம் பாட்டுக்குப் போயிருவேன்.

"மொதப் புஸ்தகம் நெம்ப நல்லா இருந்துச்சுங்க. பையன் யஷ்வந்து பாழுங்கெணத்துக்குள்ள எறங்கறான், அடியில ஒரு கதவு, மந்தரஞ் சொன்னாத் தொறக்குது, அக்கட்ட பாதாளம். அங்க அவங்கம்மாள அந்த அசுரன் கருங்கோரன் கட்டி வெச்சிருக்கறான். ரண்டாவதுல றெக்கக் குதிரை கெடைச்சுது. செரி, அடுத்தது சண்டைதான்னு எம் பேத்தி தூங்காமக் கெடந்தா. அங்கதானுங்க கெரகம் புடிச்சுது. வாசகர் கருத்துச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை போட்டீங்க. ஊர்ல இருக்கறவனெல்லாஞ் சொன்னான். நீங்களும் யாரு சொன்னாலும் கேட்டுக்கறீங்க.

"கோயமுத்தூர்ல கோவிந்தராஜுலுன்னு ஒருத்தரு, மோட்டார் கம்பெனி வெச்சிருந்தவராமா. மந்தரத்துல அத்தாம்பெரிய கதவு எப்படித் தொறக்கும், ஏழரை எச்.பி. மோட்டாராச்சும் வேணுமேன்னு எழுதுனாரு. நீங்களும் மோட்டார மாட்டிப்போட்டீங்க. அப்பறம் பாதாளத்துல கரண்டு போயி, பையன் கதவுக்கு இக்கட்ட பாதிப் புஸ்தகம் உக்காந்திருக்கறான். ஈரோட்டு மஞ்ச ஏவாரி குமாரசாமி, குதிரை பறக்குது செரி, என்ன திங்குதுன்னு கேட்டாரு. ஒடனே அதுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவுடு. தின்னு தின்னு இப்ப அது எந்திரிச்சு நிக்கவே ரோசன பண்ணுது, எங்க பறக்கறது? நஸ்ரியான்னு ஒரு டீச்சரம்மா, பையன் பள்ளிக்கோடம் போவலயேன்னு கேட்டாங்க. ஒரு பூதத்தக் கொண்டாந்து அவனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் குடுக்க உட்டீங்க. பூதம் நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது, அதக் கொறை சொல்லக்கூடாது. ஆனா கருங்கோரன் அங்க கதாயுதத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நிக்கறானுங்களே. அவனுக்கும் கை வலிக்காதுங்களா?"

லோகப்பிரியா வாயைத் திறந்தாள். அவளுக்குத் தாகம் என்று பொங்கியண்ணன் எடுத்துக்கொண்டார். அரிவாள் எங்கே என்று விசாரித்து, தானே எழுந்து போய், ஓர் இளநீரைச் சீவி அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"குடிங்க, குடிங்க. இதெல்லாஞ் சில்லறைங்க. நாலாவதுல இருந்து நடக்குது பாருங்க, அதுதான் பொறுக்க முடியல. புஸ்தகம் முச்சூடும் பையன் ஊர் ஊராப் போறான். எதுக்கு? மாமனுங்களப் போருக்குக் கூப்படறதுக்கு. போற ஊட்லயெல்லாங் கோழி அடிக்கறாங்க, இருந்து தின்னுபோட்டுப் போ மாப்பளைங்கறாங்க, இவனும் தின்னுபோட்டுத் தூங்கறான். அஞ்சாவதுலயும் கூப்படறான். ஆறாவதுலயும் கூப்படறான். அந்தம்மா பாவம், கட்டுன கட்டுல நிக்கறா. இதா கதை?

"என்னங்க? ஒரு வாசகர் கேட்டுக்கிட்டாருங்களா? தெரியுமுங்க. அது நாந்தானுங்க."

லோகப்பிரியா வாய்க்குக் கொண்டுபோன இளநீர் பாதி வழியில் நின்றது.

"ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? மத்தவங்களதாட்ட இல்லீங்க, என்றது ஞாயமான கருத்து. பெத்தவள மீக்கப் போறான், அவகூடப் பொறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமப் போலாமுங்களா? எங்க பக்கம் ஒரு காது குத்தறதுன்னாலே மாமன் மடி வேணும். அந்த மாமனும் போன்ல சொன்னா வரமாட்டான். ஊடேறிப் போயி, வெத்தல பாக்கு வெச்சுக் கூப்படோணும். போருக்கு மட்டும் சும்மா வந்துருவானுங்களா? அதத்தான் எழுதுனேன். நாலாவதுல பெரிய மாமனக் கூப்பிட்டீங்க, சந்தோசம். சின்ன மாமன உட்டுப்போட்டீங்க. நாளைக்கு அவரு மொகத்துல இவன் எப்படி முழிப்பான்? எழுதுனேன். அஞ்சாவதுல சின்ன மாமன் ஊட்டுக்குப் போனான், ஆனா வாசப்படில நின்னுக்கிட்டே 'வந்துருங்க மாமா'ன்னுபோட்டு வந்துட்டான். உள்ள அத்த இருக்கறாங்கல்லோ, அவங்களுக்கு ஒரு வார்த்தை? அதையும் எழுதுனேன். ஆறாவதுல போயி அத்தையக் கூப்பிட்டான், எனக்குங் கண்ணு கலங்கிப்போச்சு. எல்லாம் வர்ஷினிதானுங்க. நாஞ் சொல்லச் சொல்ல அவதான் போன்ல தட்டி அனுப்புவா. ஆறாவதப் படிச்சு முடிச்சதும், 'எல்லாம் உன்னாலதான் அப்புச்சி'ன்னு போன வெச்சவதான். நா கூப்படச் சொன்னேன், வாஸ்தவம். கூப்பிட்டுக்கிட்டே இருக்கச் சொன்னனுங்களா?"

லோகப்பிரியா இளநீரைக் கீழே வைத்தாள். மேசையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். ஏழாம் புத்தகம், முதல் பக்கம். யஷ்வந்த் சங்கை எடுத்து ஊதியிருந்தான். கருங்கோரன் கதவை மோட்டாரோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தான்.

பொங்கியண்ணன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மீசை ஆடியது. போனை எடுத்தார்.

"கண்ணு, அப்புச்சி பேசறேன். வெச்சுப்போடாத, வெச்சுப்போடாத. போர் ஆரம்பிச்சாச்சு. மொதப் பக்கத்துலயே. எழுதுற அம்மணி ஊட்லதான் உக்காந்திருக்கறேன், என்ற கண்ணாலயே பாத்தேன்… நெசமாத்தான்… இன்னைக்கேவா? இரு கண்ணு, பொழுதோட வந்து கூட்டிக்கிட்டுப் போயிர்றேன். துணிமணி எடுத்து வை. எது, இப்பவே படிக்கோணுமா? கேளு. 'கருங்கோரன் தன் படையைத் திரும்பிப் பார்த்தான். அவன் பின்னால் பாதாளமே திரண்டு நின்றது…'"

நிறுத்தினார். அந்த வரிக்கு மறுபடியும் போனார்.

"சித்த இருங்க அம்மணி. பாதாளமே தெரண்டு நிக்குதுங்கறீங்க. இதுல அசுரனோட மாமனக் காணோமுங்களே?"

லோகப்பிரியா லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இல்லீங்க, அசுரன்னாலும் அவனும் ஒருத்தி வயித்துல பொறந்தவந்தான? அவளுக்கும் கூடப் பொறந்தவன் இருப்பானல்லோ? நம்ம பையன் மொறையா எல்லாத்தையுங் கூப்பிட்டுப்போட்டு வந்து நிக்கறான். எதுத்தாப்பல அவம் மட்டும் நாதியில்லாதவனாட்ட நின்னா, சண்டை போடறது நம்முளுக்குத்தானுங்க அசிங்கம். நெம்ப வேண்டாம், ஒரே ஒரு அத்தியாயம். கருங்கோரன் ஒரு தட்டுல வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டு… ஆமா, அவனுக்கு எத்தன மாமனுங்க? எதுக்கும் மூத்தவர் ஊட்ல இருந்து… ஹலோ. கண்ணு? வர்ஷினி?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். எதிரே நாற்காலியில் ஆள் இல்லை, மேசையில் லேப்டாப்பும் இல்லை. உள் அறையின் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

பொங்கியண்ணன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அந்த மூடின கதவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, பெருந்துறையில டவர் செரியா எடுக்காதுங்களா?"