பொக்கைவாயனைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க

...சொல்லுங்க பாப்போம், இன்னிக்குச் சாயங்காலம் கூட்டத்துல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போய் நிப்பேன்? ஆங், வாய மூடாதீங்க சார், நல்லாத் தொறங்க. ஊசி போட்டாச்சு, வலிக்காது. பேச்சும் ஒழுங்கா வராது. பரவால்ல, நான் பேசுறேன்.

எங்க வட்டாரப் பல் டாக்டருங்க சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பேருதான் பெருசு! கூட்டம்னா வருவாங்க, பிஸ்கட்டத் தின்னுவாங்க, தலைவர் மைக்கத் தொடுறதுக்குள்ள செருப்ப மாட்டிக்கிட்டு ஓடிருவாங்க. சங்கத்தக் கலைச்சிரலாம்னே பேச்சு வந்திருச்சு. உடனே தலைவர், "ஒரு வெப்சைட் போடுவோம், எல்லாரும் ஓடி வருவாங்க"ன்னாரு. போட்டோம். தொறந்தா என்ன இருக்கும்ங்கிறீங்க? தலைவர் ரிப்பன் வெட்டுறாரு. கீழ போனா தலைவர் கை குலுக்குறாரு. இன்னும் கீழ போனா தலைவர் தூரத்துல எதையோ பாக்குறாரு! யாரு சார் வருவா? நான் ஒருத்தன்தான் தெனம் போயி எட்டிப் பாத்துட்டு வருவேன், பூட்டுன வீட்டுக்குக் காவலாளி மாதிரி.

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. சொத்தை ஆழமாப் போயிருக்கே... இனிப்பு ஜாஸ்தியோ? அய்யோ, தலையாட்டாதீங்க, கையில மெஷின் இருக்கு!

அப்பத்தான் சார் வந்தான், பொக்கைவாயன். புனைபேருதான். உறுப்பினருங்க எழுதுறதுக்குன்னு வெப்சைட்டுல ஒரு மூலை இருந்திச்சு, ஈ ஓட்டிக்கிட்டு. அதுல ஒருநாள் எழுதிட்டான்: "நம்ம தலைவர் பேச ஆரம்பிச்சா மரத்துப்போற ஊசியே தேவையில்ல. பல்லப் புடுங்குனாலும் தெரியாது." அவ்வளவுதான், பத்திக்கிச்சு! இவரு அவருக்குச் சொல்ல, அவரு அடுத்தவருக்கு அனுப்ப, கூட்டத்துப் பக்கமே தலைவெச்சுப் படுக்காத ஆளுங்கல்லாம் காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி வெப்சைட்டப் பாக்குறாங்க. பல் டாக்டருங்க சார்!

வந்தவங்க சும்மா போகல, அதான் விஷயம். தூரத்துல ஒரு சின்ன ஊர்ல தனியாக் கிளினிக் வெச்சிருக்கிற ஒரு டாக்டரம்மா. ஒரு சந்தேகம்னா பக்கத்துல கேக்க நாதி கிடையாது. அவங்க அதே மூலையில ஒரு எக்ஸ்ரேயப் போட்டு, "இந்தத் தாடை வீக்கம் எனக்கு நல்லதாப் படல, யாராவது பாருங்களேன்"னு எழுதியிருந்தாங்க. பொக்கைவாயனத் தேடி வந்த கூட்டம் பூரா அங்கயே நின்னுருச்சு. "பல்லத் தொடாதீங்கம்மா, முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க"ன்னு ஒருத்தர். அங்க யாரப் பாக்கணும்னு வழி சொல்ல இன்னொருத்தர். அந்த நோயாளி பொழச்சிக்கிட்டாரு சார்! அதப் படிச்சிட்டு, இந்தா நீங்க சாஞ்சிருக்கீங்களே, இந்த நாற்காலியிலதான் உக்காந்து அழுதேன். சங்கம்னா அதுக்குத்தான சார்?

ஆனா தலைவரு குதிக்கிறாரு. "என்னை அவமானப்படுத்துறான்! செயலாளரே, அவன் யாருன்னு கண்டுபுடிங்க, எல்லார் முன்னாடியும் நீக்கிருவோம்." அந்தக் கூட்டம்தான் இன்னிக்கு. பெரிய ஹாலாப் பாத்துப் புடிச்சிருக்கோம். வர்றவங்க பூரா பொக்கைவாயனப் பாக்கத்தான் வர்றாங்க!

நான் எங்கன்னு போய்த் தேடுவேன்? ...வாயக் கொப்புளிச்சித் துப்புங்க.

உங்களுக்குப் பேச வராதுங்கிற தைரியத்துல சொல்றேன் சார். அது நான்தான். நான்தான் பொக்கைவாயன்! சங்கம் போயிருமேன்னு ஒரே ஒரு தடவதான் எழுதுனேன். மறுநாள் பாத்தா எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அப்புறம் கை சும்மா இருக்குமா?

அட, ஏன் சிரிக்கிறீங்க? என்னது... மெதுவா, நாக்கு இன்னும் மரத்திருக்கு. தலைவரு... உங்க... அக்கா வீட்டுக்காரரா?

போச்சு. போச்சு சார். என் மானம் உங்க கையில...

ஆங்? என்ன? பொக்கைவாயன் எழுதுறதையெல்லாம் உங்கக்காவ உக்கார வெச்சுச் சத்தமாப் படிச்சுக் காட்டுவாரா? அவரேவா? கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பாரா? அவன நீக்கிட்டா அப்புறம் யாரு வருவான்னு பொலம்புறாரா?

அடப் பாவி மனுஷா...

சார், எங்க கெளம்பிட்டீங்க? அவருகிட்டச் சொல்லவா? பல்ல இன்னும் அடைக்கவே இல்ல! சார், அந்தத் துணியாவது கழுத்துலேந்து கழட்டிட்டுப்... சரி, போங்க. ஆனா எந்த வரிக்குச் சிரிச்சாரு? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்!