மிசினுக்கு ஒரு முன்னறை

– மஞ்சள் முடிஞ்சா கறுப்பும் அடிக்காதா? கறுப்பு எழுத்துக்கு மஞ்சள் என்னத்துக்கு?

– அதத்தான் நானும் வருசக் கணக்காக் கேக்கிறன், டீச்சர். ஆளுக்கு நாலு கலரும் வயித்துல இரிக்கோணும். ஒண்டு கொறஞ்சாலும் லைட்ட மினுக்கிக்கிட்டு சும்மா நிப்பாரு. விசயம் என்னண்டா, கலர் லேசர் மிசின் எண்டது ஊட்டோட வந்த மூத்த மருமகன் மாதிரி. கறி, சொதி, பொரியல் எல்லாம் வந்தாத்தான் சோத்துல கைய வெப்பாரு.

– சரி, மறுகா? இப்ப மஞ்சள் டோனர் போட்டாச்சா?

– போட்டாச்சி. முக்கி முனகிக்கிட்டு இரிக்காரு, கேக்கலையா? சூடேறின ஒடன ஒங்கட சேட்டிபிகேட் சுறுக்கா வந்திரும். இந்த முற என்னத்துக்கு சேட்டிபிகேட்?

– தண்ணிப் போத்தல மறக்காமக் கொண்டுவந்த புள்ளைகளுக்கு.

– போன கிழம செருப்ப ஒழுங்கா வெச்ச புள்ளைகளுக்கு அடிச்சமே.

– அது செருப்பு. இது போத்தல். இந்த மர்ஷூதா டீச்சர்ட நேசரிப் பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு புள்ளையும் வெறுங்கையோட ஊட்ட போகப்படாது.

– நல்லதுதான். எனக்கும் யாவாரம். ஆனா இதுதான் கடேசி, டீச்சர். இனி நீங்க வேற எடம் பாக்கோணும்.

– கேள்விப்பட்டன். ஒங்களத்தான் சொல்றாங்க, சப்ரி ஒபிஸ மூடப் போறாராம், மிசின விக்கப் போறாராம், வித்துப்போட்டு கட்டாருக்குப் போறாராம் எண்டு. அதான் வெள்ளனவே வந்த.

– ஆரு சொன்ன?

– ஒங்கட தங்கச்சி.

– பஸ்லியாட வாய்க்குப் பூட்டுப் போட ஏலா. சொன்னது உண்மைதான், டீச்சர். ஊடு அவளுக்குச் சீதனமா எழுதின ஊடு. ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சா கலியாணம், அவட மாப்பிள இஞ்ச வந்து குடியிருக்கப் போறாரு. அந்த மனிசன் வாசலத் தொறந்த ஒடன மச்சான்ட ஒபிஸ், போட்டோக் கொப்பிக்கு வரிசைல நிக்கிற பொடியன்மார், தரையெல்லாம் வெட்டின தாள். சரிவருமா?

– அவங்க பக்கம் இருந்து கேட்டாங்களா?

– வாய் தொறந்து ஒண்டும் கேக்கல்ல. கேக்கிறத்துக்கு மொதல்ல முன்னறைய ஒழிச்சிக் குடுத்தாத்தான் நமக்கு மரியாத.

– கடையொண்டு எடுக்க ஏலாதா?

– தேடாத எடமில்ல. கல்முனை பஸார்ல கேக்கிற அட்வான்ஸுக்கு நான் கடையே கட்டலாம். என்ட கூட்டாளி சதீஸ் பெரியநீலாவணைல ஒரு எடம் காட்டின. வாடகை கொறவு. ஆனா கதவத் தொறந்தா கடல். அந்த உப்புக் காத்துக்கு இவரு ஒரு மாரிக்காலம் தாங்க மாட்டாரு. அதோட சரி எண்டு முடிவெடுத்திட்டன். அக்கரைப்பற்றுல இருந்து ஒரு ஆள் நாளைக்கு விடிய வந்து பாத்து எடுத்துக்கிட்டுப் போறாரு.

– அவர வர வேணாமெண்டு சொல்லுங்க. வேற ஆள் கேக்கிது.

– ஆரு?

– நான்தான்.

– நேசரிக்கா?

– எங்கட ஊட்டு முன்னறைக்கு.

– டீச்சர், நான் யாவாரி மாதிரிக் கதைக்காம மனிசன் மாதிரிக் கதைக்கிறன். இது ஒங்களுக்கு வேணாத தொல்ல. நீங்க சின்னதா ஒரு மை பிரிண்டர் எடுங்க. புள்ளைகள்ட சேட்டிபிகேட்டுக்கு அது காணும்.

– எனக்கு இதுதான் வேணும். இதுக்கு என்னென்ன வேணுமெண்டு ஒண்டொண்டாச் சொல்லுங்க. கறண்டு எப்பிடி?

– தனி வயர். மெயின் பெட்டில இருந்து நேர வரோணும். யூபிஎஸ்ல கொழுவினா, ஆள் சூடேறக்குள்ள அது கீச்செண்டு கத்திப்போட்டு நிண்டிரும். இஞ்ச பஸ்லியா உடுப்பு அயன் பண்ணினா நான் கையக் கட்டிக்கிட்டு இரிக்கிற. ரெண்டையும் இந்த ஊட்டு வயர் தாங்காது.

– வயர்மேன் முந்தநாள் வந்து தனி வயர் இழுத்திட்டாரு. சரி, மறுகா? வெயில்?

– இழுத்தாச்சா? என்னக் கேக்காமலேயா?

– பஸ்லியாக்கிட்டக் கேட்ட. வெயில் படலாமா?

– நேர் வெயில் ஆகாது. உள்ளுக்கு ட்ரம் எண்டு ஒரு உருளை இரிக்கி. வெளிச்சம் கூடப் பட்டா அது பழுதாப் போயிரும். நான் கழட்டக்குள்ள சன்னலச் சாத்திப்போட்டுத்தான் கழட்டுற.

– எங்கட முன்னறைச் சன்னல் வடக்கப் பாத்தது. ஈரம்?

– ஈரந்தான் பெரிய வில்லங்கம். மாரி வந்தா தாள் பப்படம் மாதிரி வளைஞ்சிரும். உள்ளுக்குப் போய் மடங்கிக் கெடக்கும், இழுத்தா கிழியும். அதால நான் தாள அரிசி வாளிக்குள்ள போட்டு மூடி வெக்கிற.

– அதுதான் எங்கட சோத்துல எந்த நாளும் கடுதாசி வாசம். ராத்தா, இந்தாங்க தேத்தண்ணி. காக்கா, அந்தக் கதிரைல கெடக்கிற கலியாணக் காட் எல்லாம் எடுங்க. அவ எவ்வளவு நேரம் நிக்கிற?

– பஸ்லியா, நீ இவக்கு என்னெல்லாம் சொல்லி வெச்சிரிக்காய்? வயர்மேன் வரைக்கும் போயிரிக்கி.

– கேட்டா. சொன்னன். நீங்கதான் ஒண்டும் சொல்லாம எனக்காக எல்லாத்தையும் விக்கிறீங்க. ராத்தா, நான் வேணாமெண்டு அழுதும் பாத்திட்டன். வாப்பா எங்கள உட்டுட்டு மௌத்தாகக்குள்ள இந்த ஊட்டுக்குக் கூரை இல்ல. கூரை, கதவு, தரை எல்லாம் இந்த மிசின் ஒழைச்சது. இப்ப அதுவே வெளிய போகோணும் எண்டா எனக்கு இந்த ஊட்டுல எப்பிடி நித்திர வரும்?

– இவள் இப்பிடித்தான் கதைப்பாள், டீச்சர். ஊர் வழமதானே. பொண்ணுக்கு ஊடு, ஆம்புள பொண்டாட்டி ஊட்டுக்குப் போற. நானும் அப்பிடிப் போயிரிந்தா மிசினையும் கையோட கொண்டு போயிரிப்பன். தங்கச்சிக்குக் கலியாணம் முடியட்டும் எண்டு இரிந்தன். இரிந்ததுல காலம் போயிற்று.

– ஊருக்கெல்லாம் கலியாணக் காட் அடிச்சிக் குடுத்த மனிசன், ராத்தா. தனக்கு ஒண்டு அடிக்கல்ல.

– சரி சரி, அந்தக் கதைய உடு. டீச்சர், ஒங்கட ஊட்டு வேல எல்லாம் முடிஞ்சிதா?

– போன மாசந்தான் வெள்ளை அடிச்ச. எங்கட வாப்பாட கைத்தறி வருமானம் ஒங்களுக்குத் தெரியுந்தானே. ஒரு வருசம் சுவர் எழும்பும், அடுத்த வருசம் அப்பிடியே நிக்கும். ஊடு முடியாம எங்கட ஊர்ல பொண்ணுக்கு ஒண்டும் முடியாது. வந்த ஆக்கள் எல்லாம் கூரையப் பாத்துப்போட்டுப் போயிற்றாங்க. நானும் புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இரிந்திட்டன்.

– அது போகட்டும். இப்ப முடிஞ்சிதுதானே, மாஷா அல்லாஹ். இனி மாப்பிள பாக்கலாம்.

– பாத்திட்டுத்தான் இரிக்கம்.

– நல்ல எடமா அமையட்டும், இன்ஷா அல்லாஹ். மிசின் ஒங்கட ஊட்டதானே இரிக்கப் போகுது. கட்டாருக்குப் போக மொதல்ல வந்து, ஒங்கட கலியாணக் காட்ட நானே அடிச்சித் தாறன்.

– காக்கா, நீங்க தேத்தண்ணியக் குடிங்க. கதைக்காமக் குடிங்க.

– என்னடி சிரிக்கிறாய்? சரி, டீச்சர், வேற என்ன கேக்கோணும்? அதோட நான் ஒண்டு கேக்கவா? எந்த நாளும் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி சொல்லுக்குச் சொல் காக்கா எண்டுவீங்க. இண்டைக்கு வந்ததுல இருந்து ஒரு காக்காவும் இல்ல.

– இல்லத்தான்.

– வெளங்கிற்று. காக்கா எண்டு கூப்பிட்டா வெல கொறச்சிக் கேக்க ஏலாது. அதானே?

– அப்பிடியும் வெச்சிக்கலாம். ராவைக்குச் சத்தம் போடுமா?

– நிப்பாட்டினா ஒரு சத்தமும் இல்ல. விடிய எழுப்பக்குள்ள ஒள்ளுப்பம், சும்மா கொஞ்ச நேரம், உறுமுவாரு. அந்த நேரம் கிட்டப் போய் ஒண்டும் கேக்கப்படாது. தன்ட பாட்டுல உடோணும்.

– எங்கட காக்காவும் அப்பிடித்தான், ராத்தா. காலைல தேத்தண்ணி உள்ளுக்குப் போகாம கதைக்கப் போயிராதீங்க.

– நீ குசினிக்குப் போ, பஸ்லியா. உம்மா கூப்பிடுறா.

– உம்மா கூப்பிடல்ல. நான் நிண்டு கேக்கப் போறன்.

– சின்னப் புள்ள இரிக்கிற ஊட்டுக்கு இந்த மிசின் ஒத்து வருமா?

– நேசரிப் புள்ளைகளக் கிட்ட உடப்படாது. பின்பக்கம் சரியான சூடு, கை வெச்சா சுடும். டோனர் தூள் மூக்குக்குள்ள போகப்படாது. ஆனா நேசரி வேற எடத்துலதானே நடக்குது?

– ஓம். நான் பொதுவாத்தான் கேட்ட.

– பொதுவா எண்டா ஒண்டும் இல்ல. முன்னறைக்கு ஒரு கதவு போட்டு, கொளுக்கிய ஒள்ளுப்பம் மேலுக்கு வெச்சாச் சரி. கொண்டு போறதுதான் பாடு. நாலு டோனரையும் கழட்டிப்போட்டு, நாலு பேர் சமனாத் தூக்கோணும். சரிச்சா தூள் உள்ளுக்கெல்லாம் கொட்டும். மறுகா அடிக்கிற தாளெல்லாம் புள்ளி புள்ளியா வரும்.

– நீங்க கூட வருவீங்களா?

– வராம? சதீஸையும் கூட்டிட்டு வருவன். கொண்டு வந்து வெச்சி, சமன் பாத்து, ஒரு தாள் அடிச்சிக் காட்டிப்போட்டுத்தான் வெளிக்கிடுவன். உண்மையச் சொன்னா, டீச்சர், எனக்கு இத விக்க மனமே இல்ல. அக்கரைப்பற்று ஆள் நல்ல வெலதான் சொன்ன. சொன்னதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல்ல. ஒங்கட ஊட்ட இரிந்தா லீவுல வரக்குள்ள எட்டிப் பாக்கலாம். அந்த ஆறுதலாவது மிஞ்சும்.

– எனக்கும் மனமில்ல.

– எதுக்கு மனமில்ல?

– நீங்க கட்டாருக்குப் போறதுக்கு.

– தாள் வருது. பாருங்க, போத்தல் படம் எப்பிடி வந்திரிக்கி. புது மஞ்சள், அதான் இவ்வளவு வெளிச்சம்.

– தாளப் பாக்காதீங்க. நான் சொன்னது கேட்டதா?

– கேட்டது, டீச்சர். போகாம நான் இஞ்ச இரிந்து என்ன செய்யிற? ஒபிஸ் இல்ல, தொழில் இல்ல. தங்கச்சிட மாப்பிள சோறு தின்னக்குள்ள நானும் பக்கத்துல குந்திக்கிட்டு இரிக்கவா? எனக்கு இந்த ஊர உட்டுப் போக ஆசயா? இந்த மிசினச் சுத்தின எடம்தான் என்ட ஊர்.

– ராத்தா, இனி சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டு நிண்டா இவரு விடியவிடிய மிசினப் பத்தித்தான் கதைப்பாரு.

– நீ சும்மா இரி, பஸ்லியா. டீச்சர், முக்கியமான ஒண்ட இன்னம் சொல்லல்ல. வயர், சன்னல், அரிசி வாளி எல்லாம் இரிந்தாலும் காணாது. ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். எப்ப எந்தக் கலர் முடியும், எந்தச் சத்தத்துக்கு நிப்பாட்டோணும், தாள் சிக்கினா எந்தப் பக்கத்தால இழுக்கோணும் எண்டெல்லாம் பக்கத்துலயே இரிந்து பாத்த ஆளுக்குத்தான் தெரியும். வந்து போற ஆளால ஏலா.

– வந்து போற ஆள் எனக்கு வேணாம். ஊட்டோட இரிக்கிற ஆள் ஒண்டு பாத்திரிக்கி.

– நம்மட ஊர் ஆளா?

– ஓம்.

– தொழில் தெரியுமா? சும்மா தெரியுமெண்டு சொல்லிப்போட்டு வந்து ஒடைச்சிப்போடுவாங்க.

– தொழில் நல்லாத் தெரியும். மத்த விசயங்கள் வெளங்கத்தான் சரியாச் சுணங்குது.

– அது பரவால்ல, பழகிருவான். நேர்மையான பொடியனா?

– இந்த மிசின் எனக்கு வேணாத தொல்லயெண்டு உண்மையச் சொன்ன ஆள். அதுக்கு மேல நேர்ம வேணுமா?

– என்ன சொல்றீங்க, டீச்சர்? எனக்கு வெளங்கல்ல. அந்த ஆள்ட ஊட்டுல கேட்டாச்சா?

– இண்டைக்கு அஸர்த் தொழுகைக்குப் பொறகு எங்கட வாப்பா கேக்கப் போறாரு. ஒங்கட உம்மாக்கிட்ட.

– எங்கட உம்மாக்கிட்டயா? உம்மாக்கு மிசினப் பத்தி என்ன தெரியும்?

– தெரியத் தேவல்ல. வாப்பா மாப்பிள கேட்டுத்தான் வாறாரு.