சோறு நட்டவள்

புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் எலும்பும் தோலுமாக ஒரு சிறுமி தூங்கினாள்.

“இவ துன்னாம சோத்த மண்ணுல பொதைக்கிறாக்கா,” என்றாள் தாய்.

நான் பாடப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“அய்யய்யோ! ஏன்டி?”

“ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்ல பிரிச்சா நம்ம கழனி அந்தாண்ட பூடும், சோத்துக்கு இன்னா பண்றதுன்னு இவ நைனா துன்னும்போதெல்லாம் பொலம்புவாரு. வூட்டாண்ட சோத்த நட்டா நெல்லு மொளைக்கும்னு இவ நட்டுக்கினு கீறா. ஆடவும் போறதில்ல. கோழி கெளறாம காவல் காக்குறா.”

“அவருகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். அன்னியிலேர்ந்து சோத்து முன்னாடி அவரு கழனி பேச்சே எடுக்கறதில்ல. இப்ப இவ கேக்கறா, ‘கழனி பூடுச்சா நைனா?’ன்னு.”